பால் திரிந்த வெள்ளிக்கிழமை

எழுபத்தைந்தா எழுபத்தாறா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. இடம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, சவூதி அரேபியாவில் அல் கோபார். குளிர் தொடங்கியிருந்தது. ஹஜ்ஜுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாட்கள் இருந்தன. அன்று வெள்ளிக்கிழமை, எங்களுக்கு லீவு. அந்த ஒரு நாளில் நான் செய்த காரியத்தை, ஊர் திரும்பிய பிறகு இத்தனை வருடங்களாக என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

நான் அப்போது ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன், கட்டட வரைபடம் வரைகிற வேலை. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. கம்பெனி கொடுத்த இரண்டு அறை வீட்டில் என்னோடு இருந்தவர் ஓர் இந்தோனேசியர். சர்வேயர் வேலை. சுமத்ரா தீவில் மலைப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம், அதோடு அங்கே எல்லோரும் பேசுகிற அரபு, கலாஸ் என்றால் முடிந்தது, மாஃபி என்றால் இல்லை, யல்லா என்றால் கிளம்பு. இதை வைத்துக்கொண்டே ஒன்றரை வருடம் சண்டை சச்சரவு இல்லாமல் ஓட்டினோம். ஒரே ஒரு சிரமம், அவர் எதற்கும் சிரிப்பார். ஊரிலிருந்து கடிதம் வந்தாலும் சிரிப்பு, ஃபோர்மேன் கண்டபடி திட்டினாலும் அதே சிரிப்பு. எது எதற்கான சிரிப்பு என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

சமையலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தேங்காயும் மீனுமாக வளர்ந்தவன். கம்பெனி கேம்ப்பில் பையன்கள் எல்லாம் பருப்பும் முட்டையும் வைத்துப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தபோது நான் தீயல் வைப்பேன், அவியல் வைப்பேன். வெள்ளிக்கிழமைகளில் என் சாப்பாட்டுக்காக நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் தேங்காய் விஷயத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு. இந்த நினைப்புதான் அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் ஆட்டுக்கறி, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுவேன், மாட்டுக்கறி மட்டும் கிடையாது. அது எங்கள் வீட்டு வழக்கம். அவருக்கு அது தெரியும். நான் கேட்காமலே, அதுவரைக்கும் ஒரு தடவைகூட மாட்டுக்கறியை உள்ளே கொண்டுவராமல் இருந்தார். அப்படிப்பட்ட மனுஷன் அந்த வாரம் புதன்கிழமை என் அறை வாசலில் வந்து நின்று, தயங்கித் தயங்கி அனுமதி கேட்டார். ஒரே ஒரு நாள் மாட்டுக்கறி சமைக்க வேண்டும், தனிச் சட்டி, தனிக் கரண்டி, முடிந்ததும் அடுப்பைத் தேய்த்துக் கழுவித் தந்துவிடுவேன் என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய அம்மா ஹஜ்ஜுக்காகக் கப்பலோ விமானமோ ஏறி மக்கா வந்து சேர்ந்திருந்தார். மகனும் தாயும் பார்த்துக்கொண்டு ஆறு வருடம் ஆகிறது. வேலை தேடி ஊர் ஊராகப் போய்க் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர் அவர். அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல். கடைசியாக எழுதின கடிதத்தில், "நீ எங்களை மறந்துவிட்டாய், நம் வீட்டுச் சாப்பாட்டு ருசிகூட உனக்கு இப்போது ஞாபகம் இருக்காது" என்று எழுதியிருந்தாராம். ஆகவே சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் மக்கா போகும்போது, அம்மா செய்வது போலவே ரெண்டாங் செய்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். மறக்கவில்லை என்று வாயால் சொன்னால் அம்மா நம்பமாட்டாராம், சாப்பிட்டால் நம்புவாராம்.

ரெண்டாங் என்பது அவர்கள் ஊர்க் கறி. மாட்டுக்கறியைத் தேங்காய்ப்பாலில் போட்டு மணிக்கணக்காக வேகவைப்பது. ஒழுங்காகச் செய்தால் ஒரு மாதம் வெளியில் வைத்தாலும் கெடாது என்றார். கறி ஒரு மாதம் கெடாமல் இருக்குமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் அம்மா விஷயம் என்பதால் வாயைத் திறக்கவில்லை. என் பங்குக்குத் தேங்காய் துருவித் தருகிறேன் என்றேன். பக்கத்து ஊர் தம்மாம் மார்க்கெட்டில் அலைந்து திரிந்து பத்துத் தேங்காய் வாங்கி வந்தோம். எட்டு அவருக்கு, இரண்டு எனக்கு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் வேலை ஆரம்பமாகிவிட்டது. நான் துருவித் துருவிக் கொடுக்க, அவர் பிழிந்தார். அப்போதே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது. மிளகாயோடும் வெங்காயத்தோடும் சித்தரத்தை மாதிரி ஒரு கிழங்கை வைத்து அரைத்தார். வாசனையைப் பார்த்தால் எங்கள் ஊரில் சளிக்குக் கஷாயம் வைப்பார்களே, அதேதான். இருமலுக்குக் குடிக்கிற சாமானைக் கறியில் போடுகிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, அவர்கள் ஊர் வழக்கம். அடுத்ததாக அவர் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்டியான முதல் பால் முழுவதையும் எடுத்து, எடுத்த எடுப்பிலேயே இரும்புச் சட்டியில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

தேங்காய்ப்பாலில் சமைக்கிற எந்தத் தமிழனுக்கும் இது நெஞ்சில் குத்தும். இரண்டாம் பாலில் வேகவைத்து, எல்லாம் வெந்த பிறகு முதல் பாலை விட்டு, ஒரு கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். விட்டால் திரிந்துபோகும். நான் கையைக் காட்டி, "லாஸ்ட், லாஸ்ட்" என்றேன். அவர் சிரித்தார். கறியையும் அரைத்த மசாலாவையும் போட்டுக் கிண்ட ஆரம்பித்தார்.

பத்தரை மணி இருக்கும், வாசலில் ஜீப் சத்தம். ஃபோர்மேன் வந்து நின்றான். சைட்டில் புல்டோசர் ஏறி, சர்வே அடையாளத்துக்கு நட்டிருந்த முளைகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டதாம். மறுபடி அளந்து நட்டுத் தந்துவிட்டுத்தான் லீவில் போக வேண்டும், இல்லாவிட்டால் லீவு லெட்டரில் கையெழுத்து விழாது என்றான். நண்பர் அவனைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

கரண்டியை என் கையில் கொடுக்கும்போது அவருக்கே கூச்சம். "சாரி பிரதர், சாரி" என்று நாலைந்து தடவை சொன்னார். பிறகு விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். தீ சின்னதாக இருக்கட்டும். மூடக் கூடாது. கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். "நோ ஸ்டாப். என்ன ஆனாலும் ஒன்லி ஸ்டிர். நான் வரும் வரை" என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டி, "மாஃபி முஷ்கிலா", ஒரு பிரச்சினையும் இல்லை என்று அனுப்பிவைத்தேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மாட்டுக்கறிச் சட்டியின் முன்னால் நின்றேன். ஒரு பக்கம், இது சரியா தப்பா என்று மனசு உறுத்தியது. ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள்? இன்னொரு பக்கம், இதுவும் ஓர் அம்மாவுக்காகத்தானே என்று தோன்றியது. முடிந்ததும் தலைக்குக் குளித்துவிடலாம் என்று எனக்கு நானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கிண்டினேன். ஒரு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. மஞ்சளும் சிவப்புமாகக் குழம்பு அழகாகக் கொதித்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் தொழுகைக்கு அழைப்புக் கேட்டது. அதற்குப் பிறகு சட்டியில் என்னமோ நடக்க ஆரம்பித்தது. பால் மணி மணியாக உடைந்தது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கொஞ்ச நேரத்தில் கறிக்கு மேலே ஒரு விரல் கனத்துக்கு நின்றது. நிறமும் அழுக்குப் பழுப்பாக மாறியது. நான் சொன்னேனே, திரிந்துவிட்டதே! ஆறு வருடம் கழித்து அம்மாவைப் பார்க்கப் போகிறவர், நம்மை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனாரே! கிண்டச் சொன்னார், சரி, திரிந்த பிறகும் கிண்டுவதா? ஒருவேளை நான்தான் தீயை அதிகமாக வைத்துவிட்டேனா? நின்றும் நடந்தும் யோசித்தேன். ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் கெட்டதா நல்லதா என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அது என்னால் முடியாது. கண்ணால் பார்த்து மட்டும் ஒரு கறியை எடைபோட வேண்டிய நிலைமை.

அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு தெரு தள்ளி இருந்த மெஸ்ஸுக்கு ஓடினேன். அங்கே சமையல் செய்தவர் எங்கள் ஊர்க்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஐந்நூறு பேருக்குக் கல்யாணச் சாப்பாடு போட்ட கை. மத்தியானப் பந்தி முடிந்து துண்டை விரித்துப் படுத்திருந்தவரை எழுப்பிக் கூட்டிவந்தேன். சட்டியை எட்டிப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார். அவரும் மாட்டுக்கறி தொடாதவர்தான்.

"எலே, மொதப் பால கொதிக்கவிட்டா திரியாம என்ன செய்யும்? அந்த ஆளுக்குக் கறி வைக்கவே தெரியல்ல கேட்டியா" என்றார்.

"அவரு அம்மைக்குக் கொண்டு போறதுக்கு வச்சாரு அண்ணாச்சி. ஏதாவது செய்ய முடியுமா?"

"அம்மைக்கா?" அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "அப்பம் இப்படியா குடுத்து விடுகது? நீ அங்க கெடக்க ரெண்டு தேங்காயையும் ஒடை."

பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, மிகுந்த அக்கறையோடு, அந்தக் கறியைக் கெடுத்தோம். மேலே நின்ற எண்ணெயை முழுவதும் அகப்பையால் வழித்து ஒரு பால்பவுடர் டின்னில் எடுத்தோம். முக்கால் டின் வந்தது. "இவ்வளவு எண்ணெயா, வயசான மனுஷி தின்னா வயித்துக்கு ஆகுமா?" என்று அண்ணாச்சி சொல்ல, நான் அதைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் மணலில் கொட்டினேன். என்னுடைய இரண்டு தேங்காயையும் பிழிந்து, புதுப் பால் விட்டு, ஒரு கொதி வரும் முன் இறக்கினோம். அண்ணாச்சிக்கு அதுவும் போதவில்லை. மெஸ்ஸிலிருந்து கடுகும் காய்ந்த கறிவேப்பிலையும் எடுத்துவந்து, சின்ன வெங்காயம் போட்டுத் தாளித்துக் கொட்டினார். கடுகு வெடித்து வீடே மணத்தது. "இப்பம் பாரு, ஆளு வந்து காலுல விழுவான்" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார். நான் சட்டியை மூடி வைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் காத்திருந்தேன்.

நண்பர் வரும்போது நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. தலைமுடியெல்லாம் மணல். செருப்பைக் கழற்றிய கையோடு நேரே அடுப்படிக்குப் போனார். நானும் பின்னாலேயே போய், பெருமையோடு மூடியைத் திறந்து காட்டினேன்.

அவர் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். கரண்டியால் ஒரு கறிவேப்பிலையைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "ஆயில்?"

நான் ஜன்னல் வழியாகக் கொல்லையைக் காட்டினேன். மணலில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. நன்றாக இருக்கிறது என்கிறாரா? கோபமா? ஒரு கணம் சந்தோஷம் என்றுகூட நினைத்துவிட்டேன். அவரோ போய்க் கைகால் கழுவி, தொழுதுவிட்டு வந்து, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். மூடியை எடுத்தார். கிண்ட ஆரம்பித்தார். நான் ஊற்றிய அருமையான புதுப் பால் என் கண் முன்னாலேயே கொதித்தது. என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை, "ஸ்பாயில், ஸ்பாயில்" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

பிறகு அரைகுறை ஆங்கிலத்திலும் கையாலும் மெதுவாக விளக்கினார். பால் உடைய வேண்டும். உடைந்தால்தான் எண்ணெய் வரும். அந்த எண்ணெயிலேயே கறி வறுபட்டு வறுபட்டுக் கறுப்பாகி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் ஆக வேண்டும். அப்போதுதான் ஒரு மாதம் கெடாது. நான் இறக்கி வைத்தது பாதி வழியில். நான் கொட்டியதுதான் கறியின் உயிர்.

திரிவது தப்பு என்று சின்ன வயதிலிருந்து பார்த்தும் கேட்டும் வளர்ந்தவன். அது தப்பு இல்லை, அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வது? தேங்காய்ப்பால் ஒன்றுதானே! எங்கள் ஊரில் கெட்டுப்போனது அவர் ஊரில் எப்படி நல்லதாகும்? அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு நான் கிண்டினேன். அவர் பெட்டி கட்டினார். கை மாற்றி மாற்றி இராத் தொழுகை அழைப்பு வரை கிண்டினோம். எண்ணெய் கொஞ்சம்தான் வந்தது, இரண்டு தேங்காயில் எவ்வளவு வரும்? கடலை எண்ணெய் கொஞ்சம் விட்டுப் பார்த்தார். கறி ஒருவழியாகக் கறுத்தது. ஆனால் கடுகு தீய்ந்துபோயிருந்தது. அவர் ஒரு துண்டை எடுத்து மென்றார், கண்ணை மூடினார், விழுங்கினார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "குட்" என்றார். மறுபடியும் அதே சிரிப்பு. மறுநாள் விடிவதற்குள் அதை டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த மூன்று வாரமும் எனக்கு இதே நினைப்பு. அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். "போலே, பால் திரிஞ்சா அது கறியா?" என்று அவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அவர் சொல்வது சரியென்று தோன்றும், மறுநாள் நண்பர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வரும். யார் பக்கம் நியாயம் என்று எனக்குள்ளேயே வழக்கு நடந்தது.

நண்பர் ஹஜ் முடித்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். பேரீச்சம்பழம், மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் எனக்கென்று தனியாகக் கொண்டுவந்திருந்தார். அம்மா சுகமா என்று கேட்டேன், சுகம் என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குப் பயம். இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன். ரெண்டாங்கை அம்மா சாப்பிட்டார்களா?

சாப்பிட்டார் என்றார். முதல் வாய் வைத்ததும் அம்மா மெல்வதை நிறுத்திவிட்டாராம். யார் செய்தது என்று கேட்டாராம். நான்தான் செய்தேன் என்று இவர் சொல்லிவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறு வருடத்தில் நம் வீட்டுக் கை உனக்கு மறந்துவிட்டது, மகனே" என்றாராம். சொல்லிவிட்டு மிச்சத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு முடித்தாராம்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். எதை மறக்கவில்லை என்று காட்டுவதற்காக அந்த மனுஷன் எட்டுத் தேங்காய் பிழிந்தாரோ, அதையே மறந்துவிட்டான் என்று அம்மா வாயால் கேட்டு வந்திருக்கிறார். "என்னைச் சொல்லியிருக்கலாமே! ஓர் இந்தியன் கெடுத்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லவில்லை?" என்று கிட்டத்தட்டச் சத்தம் போட்டேன்.

அவருக்கு என் கேள்வியே விநோதமாகப் பட்டது போல. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "நீ இந்தக் கறி சாப்பிடமாட்டாய். ஆனாலும் என் அம்மாவுக்காக நின்று கிண்டினாய். உன் கை கெட்டது என்று என் அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வேன்?"

நான் அவரைக் கெஞ்சினேன். அம்மா ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு கடிதம் எழுதுங்கள், தப்பு என்னுடையது என்று எழுதுங்கள், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சிரித்தார். அடுத்த வருடம் கம்பெனி அவரை வேறு நாட்டு சைட்டுக்கு மாற்றிவிட்டது. கொஞ்ச நாள் கடிதம் போட்டுக்கொண்டோம், பிறகு விட்டுப்போனது. அந்தக் கடிதம் எழுதினாரா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர் செய்தது சரியா என்றும் தெரியவில்லை. என் மேல் வைத்த மரியாதைக்காகப் பெற்ற தாயை அழவிடலாமா?

இப்போதும் யாராவது எனக்குத் தெரியாத விதத்தில் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தால், "இப்படி இல்லை, தள்ளுங்கள்" என்று என் வாய் முந்திக்கொண்டு வருகிறது. அப்போதெல்லாம் நான் பார்த்தே இராத ஒரு தாய், மகன் தன்னை மறந்துவிட்டான் என்று நம்பிக்கொண்டே அவன் கொண்டுவந்ததை ஒரு துண்டும் மீதி வைக்காமல் சாப்பிட்டது நினைவுக்கு வருகிறது, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.